நிருபர் வேலையை விட்டுவிட்டு கட்சிக்குப் போகலாமா? (மதுரை, கொஞ்சம் அவசரம்)

கண்மாய்க்கரை | வியாழன், இரவு 10.42

இந்தப் பெயரில் இப்போதுதான் கணக்கு தொடங்கினேன். பழைய பெயரில் கேட்டால் நாளைக்குக் காலையில் கலெக்டர் ஆபீஸ் டீக்கடை வரைக்கும் தெரிந்துவிடும்.

பதினாலு வருடமாக மதுரையில் நிருபர். முதல் ஐந்து வருடம் தாலுகாவில், செய்திக்கு இவ்வளவு என்று காசு. அப்புறம் நகரத்துக்கு வந்தேன். திங்கட்கிழமை என்றால் குறைதீர் கூட்டம், மற்ற நாட்களில் மாநகராட்சி, ஆஸ்பத்திரி, போலீஸ். நடுவில் இரண்டு புத்தகம். ஒன்று மதுரையைச் சுற்றியிருந்த கண்மாய்களைப் பற்றி. அது கொஞ்சம் கவனிக்கப்பட்டது. அதனால் வந்ததுதான் இந்த வம்பு.

போன வாரம் டெல்லியிலிருந்து ஒருவர் பேசினார். தேசியக் கட்சி ஒன்றின் ஊடகப் பிரிவு. எந்தக் கட்சி என்று தயவுசெய்து கேட்க வேண்டாம், அதைச் சொன்னால் இழை முழுக்க அதுவாகவே போய்விடும். முதலில் தேசியப் பேச்சாளர் குழுவில் சேர வேண்டுமாம். "எலெக்ஷன் வரும்போது பார்க்கலாம்" என்றார். அந்தப் "பார்க்கலாம்" என்ற வார்த்தையைப் பதினாலு வருடமாக மற்றவர்கள் வாயிலிருந்து கேட்டு எழுதியிருக்கிறேன். எனக்கே சொல்லும்போது வேறு மாதிரி கேட்கிறது.

2024 தொடக்கத்தில் பத்திரிகையாளர் சாகரிகா கோஷ் திரிணமூல் காங்கிரஸ் சார்பில் மாநிலங்களவைக்குப் போனார். டைம்ஸ் ஆஃப் இந்தியா, அவுட்லுக், இந்தியன் எக்ஸ்பிரஸ், தொலைக்காட்சி என்று முப்பது வருட அனுபவம். இந்திரா, வாஜ்பாய் இருவரின் வாழ்க்கையையும் எழுதியவர். எந்தக் கட்சியின் சீட்டையும் வாங்க மாட்டேன் என்று முன்பு அவர் போட்டிருந்த பதிவை அறிவிப்பு வந்த அன்றே தோண்டியெடுத்து விட்டார்கள். நான் அப்படி எதுவும் சொல்லி வைக்கவில்லை. ஆனால் என் பழைய செய்திகள் எல்லாம் கிடக்கின்றனவே. இதே கட்சியைக் குத்தி நான் எழுதியதே ஒரு கட்டு தேறும்.

அம்மா சொல்வது: "பேப்பர்ல பேரு வந்தது பத்தாதா, போஸ்டர்ல வேற வரணுமா?"

போய்விட்டுத் திரும்பி வர முடியுமா? அதுதான் என் கேள்வி.

திருமங்கலத்தான் | வியாழன், இரவு 11.05

முதலில் எந்தத் தொகுதி என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள் அக்கா. மதுரை மக்களவைத் தொகுதி என்றால் மேலூர், கிழக்கு, வடக்கு, தெற்கு, மத்தி, மேற்கு, அவ்வளவுதான். நான் மதுரை மாவட்டம், என் எம்.பி. விருதுநகர். திருப்பரங்குன்றத்துக்காரரும் அப்படியே. உசிலம்பட்டியும் சோழவந்தானும் தேனிக்குப் போய்விட்டன. கண்மாயைப் பற்றி எழுதினீர்கள், அந்தக் கண்மாய்களில் பாதி வேறு எம்.பி. கணக்கில் கிடக்கும்.

எங்கள் ஊர் பெயரில் ஓட்டுக்குக் காசு கொடுக்கிற ஒரு ஃபார்முலாவே உண்டு. 2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு இந்தியா முழுக்கத் தெரியும். அந்தக் கணக்கையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்குமாசி வீதி | வெள்ளி, காலை 6.20

அம்மா, எனக்கு 71 வயது. அச்சகத்திலும் பத்திரிகையிலும் பிழை திருத்தியே கண்ணைக் கெடுத்துக்கொண்டவன். ராத்திரி தூக்கம் வராமல் படித்தேன், விடிந்ததும் எழுதுகிறேன்.

இது புதுக் கேள்வி இல்லை. யானைக்கல் பக்கம் போகும்போது ஜார்ஜ் ஜோசப் சிலையைப் பார்த்திருப்பீர்கள். செங்கன்னூரில் 1887இல் பிறந்து, லண்டனில் பாரிஸ்டர் படித்து, மதுரையில் வந்து வக்கீலாக உட்கார்ந்தவர். குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்துப் பிரமலைக் கள்ளர்களுக்காக நின்றார். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அந்தச் சட்டப்படி கைரேகை வைக்க மறுத்தவர்களைச் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண்ணோடு சேர்த்து 16 பேர் செத்தார்கள். அந்தப் பக்கத்து ஜனங்கள் ஜோசப்பை "ரோசாப்பூ துரை" என்றார்கள். ரோசாப்பு என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

அவர் நிருபரும்தான் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். மோதிலால் நேரு அலகாபாத்தில் நடத்திய தி இண்டிபெண்டன்ட் பத்திரிகைக்கு ஆசிரியர். 1921 டிசம்பரில் அதற்காகச் சிறைக்குப் போனார். வெளியே வந்ததும் 1923இல் காந்தி சிறையில் இருந்த நேரம் யங் இந்தியாவைப் பார்த்துக்கொண்டார். அடுத்த வருடம் வைக்கம் போராட்டம். 1937இல் டெல்லி மத்திய சட்டசபைக்கு உறுப்பினராகப் போனார். 1938 மார்ச்சில் மதுரையிலேயே காலமானார், ஐம்பது வயதுதான்.

அவர் எங்கிருந்தும் எங்கும் தாவவில்லை என்பதைக் கவனியுங்கள். அன்றைக்குப் பத்திரிகையே அரசியல். அண்ணா திராவிட நாடு நடத்தினார், கலைஞர் முரசொலி. யாரும் "பேனாவை வைத்துவிட்டு வந்தார்" என்று சொல்லவில்லை. ஆதித்தனார் தினத்தந்தியை 1942இல் இதே மதுரையில்தான் தொடங்கினார். நாம் தமிழர் இயக்கம் நடத்தி, பிறகு 1967இல் சட்டமன்ற சபாநாயகர் ஆனார். நாளிதழ், கட்சி, சபை மூன்றும் அவருக்கு ஒரே வீட்டின் அறைகள்.

நடுநிலை, விலகல், ராஜினாமா என்பதெல்லாம் சம்பளத்துக்கு நிருபர் வைக்கிற காலத்தில் வந்த பேச்சு. அதனால் தயங்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உங்கள் நிலைமை ஜோசப் நிலைமை இல்லை என்றுதான் சொல்கிறேன். அவர் பெருங்காமநல்லூர் ஆட்களோடு நின்ற பிறகு டெல்லிக்குப் போனார். உங்களை டெல்லி கூப்பிடுகிறது.

நரிமேடு டீச்சர் | வெள்ளி, காலை 7.58

அய்யா சொன்னதை ஒட்டி. நம் எம்.பி.யையே எடுத்துக்கொள்வோம். சு. வெங்கடேசன் காவல் கோட்டம் எழுதினார், 2011க்கான சாகித்ய அகாடமி விருது வாங்கினார், 2019இலும் 2024இலும் இங்கே ஜெயித்தார். வெளியூர்க்காரர்கள் "எழுத்தாளர் அரசியலுக்கு வந்துட்டார்" என்று எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் இளவயதிலேயே மார்க்சிஸ்ட் கட்சி முழுநேர ஊழியர். தமுஎகசவில் (முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்) மேடை போட்டு, நாற்காலி தூக்கி, ராத்திரி முழுக்கக் கலை இரவு நடத்தியவர். கட்சிக்காரர் நாவல் எழுதினார் என்பதுதான் உண்மை. அந்த அமைப்பே 1975இல் மதுரையில்தான் பிறந்தது. கட்சி நாளிதழ் தீக்கதிரும் இலக்கிய இதழ் செம்மலரும் இங்கிருந்துதான் வந்தன.

விழுப்புரம் ரவிக்குமாரும் அப்படியே. சிறுபத்திரிகை, மொழிபெயர்ப்பு, மனித உரிமை வேலை, அப்புறம் 2006இல் காட்டுமன்னார்கோயில் எம்.எல்.ஏ., 2019இல் எம்.பி. ஒரே நாளில் நடந்தது இல்லை.

உங்களைக் கூப்பிடுகிறவர்கள் உங்கள் கண்மாய்ப் புத்தகத்தைப் படித்திருக்கிறார்களா?

கண்மாய்க்கரை | வெள்ளி, காலை 8.30

படிக்கவில்லை டீச்சர். அது தமிழில் மட்டும்தான் இருக்கிறது. ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் அதைப் பற்றி வந்த அரைப்பக்கத்தைப் படித்திருக்கிறார்.

வைகைப் பாலம் | வெள்ளி, காலை 9.14

நான் குறுக்கே விழுந்து பேசுகிறேன், மன்னிக்கவும். நிருபர்கள் எல்லாம் ஏதோ புனிதர்கள் மாதிரி இங்கே பேச்சு போகிறது. பிரஸ் மீட் முடிந்ததும் பணக் கவர் வாங்குவது யார்? கட்சிக்குப் போனால்தான் கறை படியுமா? ஏற்கெனவே மறைவாக வேலை பார்ப்பதை வெளிப்படையாகப் பார்க்கட்டும்.

கண்மாய்க்கரை | வெள்ளி, காலை 9.40

கவர் உண்டு. இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன். நான் வாங்கியதில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதுமில்லை. ஆனால் ஒன்று. என் சம்பளம் போன வருடம் மூன்று தடவை இருபதாம் தேதிக்கு மேல்தான் வந்தது. தாலுகாவில் இருக்கும் பையன்களுக்குப் பெட்ரோல் காசுகூடக் கிடையாது, அடையாள அட்டை மட்டும்தான். அவன் ஐந்நூறு ரூபாய்க்கு நின்றால் கறை, முதலாளி தேர்தல் நேரத்தில் விளம்பரமும் செய்தியும் சேர்த்து பேக்கேஜ் விற்றால் வியாபாரமா? எனக்கு இந்த வேலை அலுத்ததற்குப் பாதிக் காரணம் இதுதான். அழைப்பு வந்தவுடன் சபலப்பட்டதற்கும் இதுதான்.

இழைக் காப்பாளர் | வெள்ளி, காலை 9.52

வைகைப் பாலம் சார், கேள்வி கேட்கலாம். கேட்டவரின் சொந்த நேர்மையைச் சந்தியில் இழுக்க வேண்டாம். தொடருங்கள்.

சட்டப்புள்ளி | வெள்ளி, மதியம் 1.30

உலகனேரியிலிருந்து எழுதுகிறேன், சாப்பாட்டு இடைவேளை. (அக்கா, உங்கள் புத்தகத்தில் எங்கள் ஹைகோர்ட் கிளை இருக்கிற இடத்தைப் பற்றியும் இருக்கிறது. 2004இலிருந்து நாங்கள் வாதாடுவதே ஒரு கண்மாய்க்குள்தான்.)

சட்டப்படி தனியார் பத்திரிகை நிருபர் கட்சியில் சேரத் தடை எதுவும் இல்லை. உங்கள் நியமனக் கடிதத்தில் ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். அரசு அங்கீகார அட்டை இருந்தால் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். உங்கள் மேல் அவதூறு வழக்கு ஏதாவது இருக்கிறதா? நிருபராக இருக்கும்போது அது ஒரு விழுப்புண், பெருமைதான். வேட்பாளர் ஆகிவிட்டால் படிவம் 26இல் பிரமாணப் பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். சொத்து, கடன், ஐந்து வருட வருமானக் கணக்கு, நிலுவை வழக்கு எல்லாம். எதிர்க்கட்சிக்காரன் அதை ஜெராக்ஸ் எடுத்துத் தெருத் தெருவாகக் கொடுப்பான்.

அடுத்தது இன்னும் மோசம். அவதூறுக்கு இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 356. அதிகபட்ச தண்டனை இரண்டு வருடம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் பிரிவு 8இல், இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை என்றால் பதவி காலி. கணக்கு எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள். 2023 மார்ச்சில் சூரத் கோர்ட் ராகுல் காந்திக்கு அந்த முழு இரண்டு வருடத்தையும் கொடுத்தது, வயநாடு எம்.பி. பதவி போனது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்த பிறகுதான் திரும்ப உள்ளே போனார். கூர்மையாக எழுதிப் பழகியவர்களுக்கு இது சின்ன ஆபத்து இல்லை.

உள்ளே போய்விட்டால் ஒரு லாபம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அரசியல் சாசனத்தின் 105ஆவது பிரிவு. சபைக்குள் பேசியதற்கு எந்தக் கோர்ட்டும் உங்களைக் கேட்க முடியாது. அதே வார்த்தையை வெளியே வந்து மைக்கில் சொன்னால் சம்மன் வரும்.

நியமன எம்.பி. என்று ஒரு வழியும் இருக்கிறது. இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை என்று 12 பேரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார். குஷ்வந்த் சிங், குல்தீப் நய்யார், நம் சோ எல்லாம் அப்படிப் போனவர்கள். ஆனால் நியமிக்கப்பட்டு ஆறு மாதத்துக்குப் பிறகு கட்சியில் சேர்ந்தால் பத்தாவது அட்டவணையில் (கட்சித் தாவல் தடை) பதவி போய்விடும். பத்திரிகையாளர் ஸ்வபன் தாஸ்குப்தா 2021இல் மேற்கு வங்கத்தில் பாஜக வேட்பாளராக அறிவிக்கப்பட்டபோது இந்தப் பிரச்சினை கிளம்பி, ராஜினாமா செய்துவிட்டுத்தான் நின்றார். தோற்றார். திரும்பவும் அதே இடத்துக்கு நியமித்தார்கள். அது எல்லோருக்கும் நடக்காது.

கண்மாய்க்கரை | வெள்ளி, மாலை 4.10

ஒரு வழக்கு இருக்கிறது. ஆறு வருடமாக வாய்தா. மறந்தே போயிருந்தேன்.

அரசரடி டு டெல்லி | வெள்ளி, இரவு 9.25

நான் அரசரடிக்காரன். டெல்லியில் எம்.பி. அலுவலகங்களில் உதவியாளனாக எட்டு வருடம். யாரிடம் என்று சொல்ல மாட்டேன். அக்காவுக்கு வேலை எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நிருபர் வேலைக்கு மிகவும் பக்கத்தில் இருப்பது கேள்வி நேரம். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்வி 20, அதற்கு மந்திரி எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வி கேட்கலாம். நட்சத்திரம் இல்லாதது 230, எழுத்தில் பதில். பதினைந்து நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு எம்.பி. ஒரு நாளுக்கு அதிகபட்சம் ஐந்து. அப்புறம் குலுக்கல். உங்கள் பெயர் விழ வேண்டும், விழுந்தாலும் வரிசையில் மேலே இருக்க வேண்டும். 11 மணியிலிருந்து 12 மணிக்குள் அஞ்சாறு கேள்விதான் வாய்க்கு வரும். அதுவும் அமளி இல்லாத நாளில். 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கொரோனாவைச் சொல்லிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள்.

இதில் நிருபருக்கு என்ன வித்தியாசம்? கேள்வியை எப்படி அமைப்பது என்று அவருக்குத் தெரியும். "மதுரை எய்ம்ஸ் பணி எந்த நிலையில் உள்ளது?" என்று கேட்டால் "பணிகள் பல்வேறு நிலைகளில் உள்ளன" என்று பதில் வரும். 2019 ஜனவரியில் தோப்பூரில் அடிக்கல் நாட்டினார்கள். 2022இல் முதல் 50 மாணவர்களை ராமநாதபுரத்தில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார்கள். எந்தத் தேதியில் யார் கையெழுத்தில் எந்தக் கோப்பு எங்கே நிற்கிறது என்று பிடித்துக் கேட்கத் தெரிந்தவரிடம் மந்திரி தப்பிப்பது கஷ்டம். தகவல் உரிமை மனு போட்டுப் பழகிய கை அது. அந்த விதத்தில் நீங்கள் வந்தால் எனக்குச் சந்தோஷம்.

ஆனால் கேள்வி கேட்கலாமே தவிர, ஓட்டு உங்கள் இஷ்டம் இல்லை. கொறடா உத்தரவு வந்தால் கை தூக்க வேண்டும். 1985இலிருந்து கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது, மீறினால் பதவி போகும். முந்தின நாள் வரை நீங்கள் கிழித்து எழுதிய மசோதாவுக்கு மறுநாள் ஆதரவாக ஓட்டுப் போட வேண்டி வரலாம்.

இது எம்.பி. ஆனால். உங்களைக் கூப்பிட்டிருப்பது பேச்சாளர் வேலைக்கு. அதில் கேள்வியே கிடையாது, பதில் மட்டும்தான். காலையில் ஒரு குறிப்பு வரும். சாயங்காலம் ஆறு சேனலில் அதை ஆறு விதமாகச் சொல்ல வேண்டும். எதிரே உங்களைக் கேள்வி கேட்கிறவர் நேற்று வரை உங்களோடு டீ குடித்தவர். அந்த ஒரு விஷயத்தில்தான் பத்திரிகையிலிருந்து வந்தவர்கள் உடைந்து போவதைப் பார்த்திருக்கிறேன். காசு, கஷ்டம், அலைச்சல் எல்லாவற்றையும் தாங்கிவிடுகிறார்கள். "நீங்களே 2016இல் இப்படி எழுதினீர்களே" என்று பழைய கட்டுரையைத் திரையில் காட்டும்போது முகம் மாறிவிடுகிறது.

திருமங்கலத்தான் | வெள்ளி, இரவு 9.50

அண்ணே, தொகுதி நிதி?

அரசரடி டு டெல்லி | வெள்ளி, இரவு 10.02

வருடத்துக்கு 5 கோடி. ஆறு சட்டமன்றத் தொகுதிக்குப் பிரித்தால் தலைக்கு 83 லட்சம். அதில் நிழற்குடை, வகுப்பறை, உயர்கோபுர விளக்கு. பணம் எம்.பி. கைக்கு வராது, அவர் பரிந்துரைப்பார், கலெக்டர் செய்வார். கொரோனா சமயத்தில் அதையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஊரில் பாதிப் பேர் எம்.பி. பையில் 5 கோடி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை வைக்கிறார்கள்.

மேலூர்க்காரன் | சனி, காலை 5.45

நான் விவசாயி, அதிகம் எழுதத் தெரியாது. தங்கச்சி கேட்டதற்கு நான் நேராகவே சொல்கிறேன். போகாதீர்கள்.

2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கம் ஏலம் முடிந்தது என்று செய்தி வந்தபோது எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு டங்ஸ்டன் என்றால் என்னவென்று தெரியாது. பல்பு கம்பி என்றார்கள். அரிட்டாபட்டி மலை, சமணர் படுக்கை, குடைவரை, ஊற்று, எல்லாம் இருக்கிற இடம். 2022இல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அரசே அறிவித்த ஊர். ஏல அறிவிப்பைப் படித்து எந்தெந்த ஊர் எல்லைக்குள் வருகிறது, எத்தனை ஏக்கர் என்று எழுதியவர்கள் நிருபர்கள்தான். பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டுதான் கிராமசபையில் பேசினோம். டிசம்பர் 9 சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். ஜனவரி 7 நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை நடந்தோம். என் பெண்டாட்டி, மாமியார், எல்லாரும். ஜனவரி 23 ரத்து என்று அறிவித்தார்கள்.

எம்.பி.யும் பேசினார், மறுக்கவில்லை. கட்சிகள் எல்லாம் வந்தன. கொடி பிடிக்க ஆள் வருகிறார்கள். உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்து எழுத ஆள் வருவதில்லை. நீங்களும் போய்விட்டால் அடுத்த தடவை எங்களுக்கு யார் சொல்வார்?

நரிமேடு டீச்சர் | சனி, காலை 8.15

அண்ணன் சொன்னது மனதைத் தொட்டது. இருந்தாலும் மறுபக்கமும் ஒன்று. துணை ராணுவப் படைத் தேர்வுக்குத் தமிழ்நாட்டில் மையம் வேண்டும் என்று வெங்கடேசன் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார், உள்துறை இணை அமைச்சரிடமிருந்து இந்தியில் பதில் வந்தது. அவர் நம் மதுரைக் கிளையில் வழக்குப் போட்டார். 2021 ஆகஸ்டில் தீர்ப்பு. ஆங்கிலத்தில் எழுதினால் ஆங்கிலத்தில்தான் பதில் தர வேண்டும் என்றது. ஆட்சி மொழிச் சட்டம் 1963 அதைத்தான் சொல்கிறதாம். ஒரு கடிதத்தின் மொழியை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வார்த்தையோடு புழங்குகிற ஆள் வேண்டும் என்று நான் நினைத்தேன். நிருபர் எழுதியிருந்தால் அது ஒரு நாள் செய்தி. எம்.பி. போனதால் தீர்ப்பு.

தெற்குமாசி வீதி | சனி, காலை 9.05

திரும்பி வர முடியுமா என்றுதான் கண்மாய்க்கரை அம்மா கேட்டது. நாம் எல்லோரும் வேறு எங்கேயோ போய்விட்டோம்.

வந்தவர்கள் உண்டு. எம்.ஜே. அக்பர் 1989இல் கிஷன்கஞ்சில் காங்கிரஸ் எம்.பி., அப்புறம் தோற்று, திரும்பப் பத்திரிகை தொடங்கி, 2014இல் பாஜகவில் சேர்ந்து, மந்திரி ஆகி, 2018இல் பெண் நிருபர்களின் புகார்களால் விலகினார். அசுதோஷ் டிவியை விட்டு ஆம் ஆத்மியில் சேர்ந்து 2014இல் சாந்தினி சௌக்கில் நின்று தோற்றார், 2018இல் கட்சியை விட்டு வந்து பழைய தொழிலுக்கே திரும்பினார். அருண் ஷோரி வாஜ்பாய் மந்திரி சபையில் இருந்தார், பிறகு அதே கட்சியைக் கடுமையாக எழுதினார். ஆகவே கதவு பூட்டிக் கிடக்கவில்லை.

ஆனால் இவர்கள் எல்லோரும் டெல்லிக்காரர்கள். அங்கே ஒரு ஆசிரியர் போனாலும் வந்தாலும் புத்தகம் போட ஆள் இருக்கிறது. மாவட்டத்தில் இருக்கிற மொபசல் நிருபருக்கு அப்படி இல்லை. நீங்கள் ஒரு கட்சித் துண்டைப் போட்டுக்கொண்டால் அடுத்த கட்சி வட்டச் செயலாளர்கூட உங்களுக்குப் போனை எடுக்க மாட்டார். தாசில்தார் ஆபீஸ் கிளார்க் காகிதம் காட்ட மாட்டார். உங்கள் மூலதனமே அந்த ஆட்கள்தான். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் கவுன்சிலர் தேர்தலுக்கு நின்று தோற்று மூன்று மாதத்தில் திரும்பி வந்தார். ஆசிரியர் சேர்த்துக்கொண்டார். ஊர் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசிவரை ஆன்மிக மலர்தான் பார்த்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2007 மே 9 அன்று இதே ஊரில் ஒரு கருத்துக்கணிப்புக்காகத் தினகரன் அலுவலகத்தை எரித்தார்கள். மூன்று ஊழியர்கள் செத்தார்கள். யாரும் நிருபர்கூட இல்லை, கம்ப்யூட்டர் பார்த்தவர்களும் காவலாளியும். அன்றைக்கு இரவு எங்கள் அச்சகத்தில் ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு வேலை பார்த்தோம். அதனால் அரசியலுக்கு வெளியே நிற்கிறோம் என்று இந்த ஊரில் எந்தப் பத்திரிகைக்காரனும் நினைத்துக்கொள்ள முடியாது. வெளியே நின்றாலும் சுடும்.

வைகைப் பாலம் | சனி, காலை 10.30

அய்யா, நேற்று நான் பேசியது அதிகப்படி. அக்காவிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு அந்த 2007 தெரியும், மாமா அந்தத் தெருவில்தான் கடை வைத்திருந்தார்.

ஒரு யோசனை மட்டும். அந்த டெல்லிக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்: இதுவரை எழுதியதில் எதையாவது மறுக்கச் சொல்வீர்களா என்று.

கண்மாய்க்கரை | ஞாயிறு, இரவு 8.47

எல்லோருக்கும் நன்றி. வைகைப் பாலம் அண்ணன் சொன்னபடியே கேட்டேன். எழுத்தில் இல்லை, போனில்.

மறுக்கச் சொல்வீர்களா என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். "பழசை யாரும் படிக்க மாட்டாங்க மேடம்" என்றார். ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம், "உங்க ஹிந்தி எப்படி?" என்று கேட்டார். இந்தியில் கேட்டார்.

எனக்குக் கடைக்குப் போய்க் காய் வாங்குகிற அளவுக்கு வரும். விவாதத்துக்கு வராது. அதைச் சொன்னேன். அப்படியென்றால் மாநில அளவில் யோசிக்கலாம், சென்னையிலிருந்து ஒருவர் பேசுவார் என்றார். இன்னும் யாரும் பேசவில்லை. பேசினாலும் பேச்சாளர் வேலை வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறேன். தேர்தலில் நிற்கிற யோசனையை முழுக்கக் கைவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். அது பொய்யாகிவிடும். ஆனால் யாராவது கூப்பிட்டால் மேலூரிலிருந்தோ செல்லம்பட்டியிலிருந்தோ கூப்பிடட்டும்.

அந்த அவதூறு வழக்கு வாய்தா எப்போது என்று நாளைக்குப் பார்க்கிறேன். சட்டப்புள்ளி தம்பி, தனியாக ஒரு செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

திருமங்கலத்தான் | ஞாயிறு, இரவு 9.01

நம்ம அக்கா விருதுநகர் தொகுதியில் நின்றால் என் ஓட்டு உண்டு. மதுரையில் நின்றால் வாழ்த்து மட்டும்தான்.

மேலூர்க்காரன் | திங்கள், காலை 5.30

தங்கச்சி, வெள்ளிக்கிழமை எங்கள் கண்மாய் மடையில் ஒரு பஞ்சாயத்து. கீழ்மடைக்காரர்கள் தண்ணீர் வரவில்லை என்கிறார்கள், பொதுப்பணித்துறை ஷட்டர் பழுது என்கிறது, ஷட்டர் மாற்றியதாகப் பலகை வைத்திருக்கிறார்கள். நேரம் இருந்தால் வாருங்கள்.

கண்மாய்க்கரை | திங்கள், காலை 6.10

பலகையில் எத்தனை ரூபாய் போட்டிருக்கிறது அண்ணே? ஒரு போட்டோ அனுப்புங்கள். மாட்டுத்தாவணியில் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுகிறேன்.